இங்கிலாந்தில் பழைய டூரிங் கேரவன் வாங்கலாமா? புதிதாகக் கட்டிய குடியிருப்பு எஸ்டேட்டில் வீடு, டிரைவ்வேயில் (வீட்டு முன்னால் கார் நிறுத்தும் பாதை) இடம் இருக்கிறது. பராமரிப்பு, திருட்டு பயம் எல்லாம் எப்படி?

வாங்கலாம். ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது "டிரைவ்வேயில் இடம் இருக்கிறது" என்று நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிக்காகத்தான். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டிக்கு 8,000 பவுண்டு நியாயமா, எந்தத் தயாரிப்பு நல்லது என்பதையெல்லாம் மற்றவர்கள் சொல்வார்கள்.

முதலில், ஊரிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வரி. இது சினிமா நடிகர்கள் உட்காரும் ஏசி வண்டி இல்லை. எஞ்சின் கிடையாது, காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீடு. படுக்கை, அடுப்பு, குட்டிக் கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கும்.

இப்போது உங்களுக்கு. புது எஸ்டேட் என்றால் வீடு உங்கள் பெயருக்கு மாறிய பத்திரத்தை எடுத்து, கட்டுப்பாடுகள் என்று வரும் பகுதியைப் படியுங்கள். கேரவன், படகு, வியாபார வேன் இவற்றை வீட்டு முன்னால் நிறுத்தக்கூடாது என்று பல எஸ்டேட்டுகளில் எழுதியிருப்பார்கள். என் வீட்டுப் பத்திரத்திலும் இருந்தது. வக்கீல் அனுப்பிய சுருக்கத்தில் அந்த வரி மட்டும் இல்லை. வண்டி வந்து முதல் கோடைக்காலம் முடிவதற்குள் எஸ்டேட் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்துவிட்டது, "உடனே அகற்றவும்" என்று. புகார் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டு வாசலில் ஏணி கட்டிய வெள்ளை வேன் வருடம் முழுக்க நிற்கிறது. பத்திரத்தின் அதே பத்தியில் அதற்கும் தடை இருக்கிறது. அந்த வேனுக்கு எந்தக் கடிதமும் போகவில்லை. தீபாவளிக்கு அவர் வீட்டுக்கு லட்டு கொடுத்தனுப்புவதை நான் இன்னும் நிறுத்தவில்லை. அது என் மனைவியின் பிடிவாதம்.

"பத்திரத்தில் எழுதியிருந்தால் மதிக்க வேண்டியதுதானே" என்று யாராவது கமெண்ட் போடுவீர்கள். மதித்தேன் ஐயா. மறுவாரமே வண்டியை எடுத்து ஒரு ஸ்டோரேஜில் விட்டேன். என் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஊருக்கு வெளியே ஒரு பண்ணை நிலத்தில் வரிசையாகக் கேரவன்களை நிறுத்தி வைக்கும் இடம். சுற்றிலும் வேலி, இரும்புக் கேட், கேட்டுக்கு ரகசிய எண், '24 மணி நேர கண்காணிப்பு' என்று பெரிய பலகை. வருடத்துக்குச் சில நூறு பவுண்டு வாடகை. ஒரு பிப்ரவரி காலையில் அங்கிருந்து போன் வந்தது: "உங்கள் வண்டி உங்களிடம்தானே இருக்கிறது?" நான் ஆபீஸில் இருந்தேன். கேரவனை இழுத்துக்கொண்டு ஆபீஸுக்கு யார் போவார்கள்?

வயல் பக்கம் இருந்த வேலியை வெட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். பேட்டரியில் ஓடும் இரும்பு அறுக்கும் கிரைண்டரால் ஹிட்ச் லாக்கை, அதாவது காரோடு மாட்டும் கொக்கியின் பூட்டை, அறுத்திருக்கிறார்கள். சக்கரத்தில் நான் போட்டிருந்த மஞ்சள் கிளாம்பு (சக்கரப் பூட்டு) இரண்டு துண்டாகக் கிடந்தது. கேமரா இருந்தது உண்மைதான். அது ஆபீஸ் கதவையும் கேட்டையும் பார்த்துக்கொண்டிருந்தது, வண்டிகளை அல்ல. ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் 'உரிமையாளர் சொந்தப் பொறுப்பில்' என்று ஒரு வரி இருந்ததால் அவர்கள் கை கழுவிவிட்டார்கள். போலீசில் போனிலேயே ஒரு குற்ற எண் கொடுத்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

இது ஏன் இவ்வளவு சுலபமாக நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பிரிட்டனில் கேரவனுக்குத் தனிப் பதிவு எண் கிடையாது. எந்தக் கார் இழுக்கிறதோ அந்தக் காரின் எண்ணைப் பின்னால் மாட்டவேண்டும், அவ்வளவுதான் சட்டம். திருடன் தன் கார் எண்ணை ஒட்டிக்கொண்டு மோட்டார்வேயில் ஏறினால் எந்தக் கேமராவுக்கும் சந்தேகம் வராது. பகல் பன்னிரண்டு மணிக்கு ஒருவன் கேரவன் இழுத்துக்கொண்டு போனால் லீவுக்குப் போகிறான் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

நம் ஊர் ஆர்சி புக் மாதிரியும் எதுவும் இல்லை. காருக்கு டிவிஎல்ஏ என்ற அரசு வாகனப் பதிவு அலுவலகம் தரும் புத்தகம் கேரவனுக்குத் தரமாட்டார்கள். அதற்குப் பதிலாக 1992 முதல் 'கிரிஸ்' என்று ஒரு பதிவு முறை இருக்கிறது. 17 இலக்க எண் ஒன்று வண்டியின் இரும்பு அடிச்சட்டகத்தில் அடித்திருக்கும், ஜன்னல் கண்ணாடிகளிலும் பொறித்திருக்கும். ஆனால் அந்தப் பதிவுத் தாள் வண்டியை வைத்திருப்பவர் யார் என்று மட்டும்தான் சொல்லும், சட்டப்படி உரிமையாளர் யார் என்று சொல்லாது. நீங்கள் பார்த்திருக்கும் வண்டிக்குக் காசு கொடுக்குமுன் அந்த எண்ணை வைத்துத் தேடிப் பாருங்கள். திருட்டு வண்டியா, கடன் பாக்கி இருக்கிறதா, விபத்தில் கழித்துக் கட்டியதா என்று தெரிந்துவிடும். ஒரு ஜன்னலில் எண் சுரண்டியிருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். விற்பவர் வீட்டுக்கே போய்ப் பாருங்கள். "பாதி வழியில் சர்வீஸ் ஸ்டேஷனில் சந்திப்போம்" என்று சொல்கிறவரிடம் வாங்காதீர்கள்.

இன்சூரன்ஸ்காரர் என்னிடம் கேட்டவை: ஹிட்ச் லாக்கின் ரசீது, சக்கரப் பூட்டின் ரசீது, இரண்டின் எல்லாச் சாவிகளும், பூட்டு போட்ட நிலையில் வண்டியின் படம். எல்லாமே என்னிடம் இருந்தன. ஒரு போல்ட் வாங்கினாலும் ரசீதைத் துளை போட்டுக் கோப்பில் வைக்கிறவன் நான். வீட்டில் எனக்கு 'தாலுகா ஆபீஸ்' என்று பட்டப்பெயர். ஒவ்வொரு முறை வண்டியை விட்டுவிட்டு வரும்போதும் பூட்டுகளோடு ஒரு படம் எடுத்துக்கொள்வேன். அன்று அந்தப் படங்களை அனுப்பியதும் மறுமுனையில் பேசிய பெண்ணின் குரலே மாறிவிட்டது. பணம் வந்தது. ஆனால் என் பாலிசி சந்தை மதிப்புக்கானது. அதே மாதிரி வண்டி இன்னொன்று வாங்க அந்தப் பணம் போதவில்லை. உங்கள் பாலிசியில் 'பழையதற்குப் புதியது' என்றிருக்கிறதா, 'சந்தை மதிப்பு' என்றிருக்கிறதா என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் பாருங்கள். கேரவனுக்கு இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயமில்லை. இழுத்துச் செல்லும்போது மற்றவர்களுக்கு நேரும் சேதத்தை வழக்கமாகக் கார் பாலிசி பார்த்துக்கொள்ளும், திருட்டை அது பார்க்காது.

உள்ளே இருந்த பொருள்களுக்குத் தனிப் பட்டியல் கேட்டார்கள். குக்கருக்கு விலை போட்டேன். பல வருடம் எண்ணெய் குடித்துப் பழகிய தோசைக்கல்லுக்கு என்ன விலை போடுவது? 'இரும்புத் தட்டு, ஒன்று' என்று எழுதி அனுப்பினேன்.

இப்போது இருக்கும் வண்டிக்கு அல்கோ செக்யூர் பூட்டு போட்டிருக்கிறேன். அது சக்கரத்தின் ஊடாகப் போய் அச்சோடு பூட்டிக்கொள்ளும், வெளியே மாட்டும் கிளாம்பு போல எளிதில் அறுபடாது. போடுவதற்கு மட்டும் பொறுமை வேண்டும். சக்கரத்தின் துளை சரியான இடத்துக்கு வர முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும், மழையில் இன்னும் அழகு. அப்புறம் ஒரு டிராக்கர். கூரை மேல் பெரிய எழுத்தில் அஞ்சல் குறியீட்டையும் ஒட்டியிருக்கிறேன், போலீஸ் ஹெலிகாப்டரிலிருந்து தெரியும் என்பதற்காக. ஸ்டோரேஜையும் மாற்றிவிட்டேன். 'கசோவா' என்ற சங்கம் இந்த இடங்களுக்குத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் கொடுக்கிறது. தங்கம் என்றால் வாடகை கூடுதல்தான், சில இன்சூரன்ஸ்காரர்கள் பிரீமியத்தில் கொஞ்சம் குறைப்பார்கள். தரம் என்னவாக இருந்தாலும் நீங்களே நேரில் போய், கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். நான் எந்தப் பூட்டுக் கம்பெனியிலும் வேலை பார்க்கவில்லை, கமிஷனும் வாங்கவில்லை. இதையும் சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

பராமரிப்பு என்று கேட்டீர்கள். ஒரே சொல்: ஓதம், அதாவது உள்ளே ஊறும் ஈரம். பழைய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே மரச்சட்டம்தான். கூரை இணைப்பு, ஜன்னல் ரப்பர், மூலை விளக்கு, ஆனிங் (பக்கவாட்டில் கட்டும் துணிக் கூடாரம்) மாட்டும் தண்டவாளம், எங்கேயாவது நீர் புகாமல் பூசிய சீலன்ட் காய்ந்து வெடித்தால் நீர் மெல்ல உள்ளே போய் மரத்தை உளுத்துப்போக வைத்துவிடும். வெளியே பளபளவென்றிருக்கும். ஈரமானி வைத்து அளந்தால் 15 சதவீதம் வரை கவலையில்லை, 20-ஐத் தாண்டினால் ஏன் என்று பார்க்கவேண்டும், 30-க்கு மேல் என்றால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். சரிசெய்ய ஆயிரக்கணக்கில் ஆகும். 8,000 பவுண்டு வண்டிக்கு ஏன் 3,000 குறைத்தார்கள் என்ற மர்மம் பல சமயம் இதுதான். ஈரமானி இல்லாவிட்டால் ஜன்னலுக்குக் கீழே, அலமாரி மூலைகளில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். உள்ளே ஏறியதும் ரூம் ஸ்பிரே வாசனை தூக்கலாக இருந்தாலும் எனக்குச் சந்தேகம் வரும்.

வாசனை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, மன்னிக்கவும். அந்தத் திருட்டுக்கு முந்தைய வருடம் வண்டியை மாற்றலாமென்று ஒரு டீலரிடம் மதிப்புக் கேட்கப் போனேன். அவர் உள்ளே ஏறி மூக்கைச் சுளித்து, "சமையல் வாசனை இருக்கிறது, விலை குறையும்" என்றார். நாங்கள் உள்ளே தாளிப்பதே இல்லை. வெளியே, காற்றுப்படும் இடத்தில், தனி அடுப்பில்தான் எல்லாச் சமையலும். மூடிய ஆனிங்குக்குள் அடுப்பு வைப்பதும் கிடையாது, கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். எனக்கு முன்னால் நின்ற வண்டியில் இரண்டு லாப்ரடார் நாய்கள் வளர்த்திருந்தார்கள். அந்த மெத்தையின் நாற்றம் வாசல் வரை வந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஈரநாய் வாசனை குடும்பப் பாரம்பரியமாம், ரசத்தின் வாசனை குறைபாடாம். அவரிடம் விற்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேரவனுக்கு எம்ஓடி என்ற வருடாந்திரத் தகுதிச் சோதனை கிடையாது, அதனாலேயே பலர் கவனிப்பதில்லை. வருடத்துக்கு ஒருமுறை அங்கீகரித்த மெக்கானிக்கிடம் சர்வீஸ் செய்யுங்கள். பிரேக், கேஸ், மின்சாரம், ஓதம் எல்லாவற்றையும் பார்த்துத் தாள் கொடுப்பார்கள். டயர் தேயாமல் புதிதுபோலத் தெரியும், நம்பாதீர்கள். நிற்கிற நிலையிலேயே ரப்பர் வெடிக்கும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. ஐந்து வருடத்தில் மாற்றச் சொல்கிறார்கள், ஏழு வருடத்தைத் தாண்டவே கூடாது. குளிர்காலத்துக்கு முன் தண்ணீர் முழுவதையும் வடித்துவிட்டுக் குழாய்களைத் திறந்தபடி விடவேண்டும், இல்லையென்றால் உறைந்து வெடிக்கும். குளிரில் போவதாக இருந்தால் நீல சிலிண்டர் பியூட்டேன் உதவாது, சுழியத்தை நெருங்கினாலே ஆவியாகாது. சிவப்பு சிலிண்டர் புரொப்பேன் வாங்குங்கள். கழிப்பறைப் பெட்டியைக் காலி செய்வது யார் முறை என்பதை வாங்குமுன்பே குடும்பத்தில் பேசி எழுதி வைத்துவிடுங்கள்.

எடை பற்றி நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்லவேண்டும். வண்டியின் வெற்று எடைக்கும் உச்ச எடைக்கும் நடுவில் சாமான் ஏற்ற 150 கிலோ அளவுதான் கிடைக்கும். ஆனிங், பேட்டரி, சிலிண்டர் போக மீதி எவ்வளவு என்று பாருங்கள். என் மாமியார் முதல் முறை வந்தபோது பத்து கிலோ பொன்னி அரிசி மூட்டையோடு ஏறினார். நாங்கள் போகும் கெஸ்விக் ஊரில் கடை இருக்கிறது அத்தை என்றேன், "பொன்னி இருக்குமா மாப்ள?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அரிசி காரின் டிக்கியில் வந்தது. புதிதாக இழுப்பவர்கள், கேரவனின் உச்ச எடை காரின் எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வது நல்லது. கனமான சாமான் அச்சுக்கு மேலே, தரையில் இருக்கட்டும். பின்னால் ஏற்றினால் வண்டி பாம்பாக நெளியும். நெளிய ஆரம்பித்தால் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கோடு சண்டை போடாமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள்.

லைசென்ஸ் பற்றிப் பயப்படாதீர்கள். 1997-க்குப் பிறகு கார் லைசென்ஸ் வாங்கியவர்களும் 2021 டிசம்பர் முதல் தனித் தேர்வில்லாமல் 3,500 கிலோ வரை இழுக்கலாம். வேக வரம்பு மோட்டார்வேயில் மணிக்கு 60 மைல், நடுவில் தடுப்பில்லாத சாலையில் 50. மோட்டார்வேயில் மூன்று தடம் இருந்தால் வலது கோடித் தடத்துக்குப் போகக்கூடாது. பின்பக்கம் தெரியத் தேவையான கூடுதல் பக்கக் கண்ணாடி மாட்டாமல் பிடிபட்டால் 1,000 பவுண்டு வரை அபராதம், லைசென்ஸில் மூன்று தண்டனைப் புள்ளி.

"இவ்வளவு செலவுக்கு ஹோட்டலிலேயே தங்கலாமே" என்பவர்களுக்கு: தெரியும், கணக்குப் பார்த்தாயிற்று, தங்கலாம். உங்கள் வீட்டில் பிள்ளைகள் ஹோட்டலில் அமைதியாக இருப்பார்கள் என்றால் தாராளமாகத் தங்குங்கள். "மோட்டார்ஹோம் (எஞ்சினோடு தானே ஓடும் சக்கர வீடு) வாங்கலாமே" என்பவர்களுக்கு: அதற்குப் பதிவு எண் உண்டு, திருடனுக்கு அந்த அளவு சௌகரியம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாலை வரி, எம்ஓடி, கட்டாய இன்சூரன்ஸ் எல்லாம் சேரும். 3,500 கிலோவுக்கு மேல் என்றால் சி1 என்ற நடுத்தர லாரிக்கான லைசென்ஸ் கேட்பார்கள். விலையும் உங்கள் 8,000-க்குப் பக்கத்தில் வராது. வைத்திருப்பவர்கள் யாராவது தனிப் பதிலாக எழுதுங்கள், நானும் படிக்கிறேன்.