ஹோமரின் உச்சந்தலை எங்கே போனது?

கேள்வி: 1991-இல் ஸ்காபரோவுக்கு வந்தபோது எனக்கு 12 வயது. என் ஆங்கிலத்தில் பாதி ‘த சிம்ப்சன்ஸ்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரைப் பார்த்து வந்ததுதான். இப்போது 13 வயது மகளோடு டிஸ்னி பிளஸ்ஸில் அதைத் திரும்பப் பார்க்க உட்கார்ந்தேன். புதிய சீசனில் தொடங்கினோம், இருவருக்கும் சிரிப்பே வரவில்லை. பழைய சீசனுக்குப் போனால் சிம்ப்சன் குடும்பத்து அப்பா ஹோமரின் தலை மேலே வெட்டுப்படுகிறது. மைக்கேல் ஜாக்சன் குரல் கொடுத்த எபிசோடைக் காணவில்லை. இந்தியக் கடைக்காரர் அப்பு வந்ததும் மகள், “இவர் ஏன் அப்பா இப்படிக் கதைக்கிறார்?” என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் என்னை ‘அப்பு’ என்று கூப்பிட்டதெல்லாம் நினைவுக்கு வந்து, நிறுத்திவிட்டேன். தொடர்வதா, விட்டுவிடுவதா?
— வாசகர், ஸ்காபரோ

பதில்: தொடருங்கள். ஆனால் படத்தைச் சரிசெய்துவிட்டு, வேறு இடத்திலிருந்து.

தலை வெட்டுப்படுவது இரண்டு நிமிடத்தில் தீர்கிற காரியம். 1989 டிசம்பரில் தொடங்கிய இந்தத் தொடர் 2009 பிப்ரவரி வரை பழைய பெட்டி டிவியின் 4:3 அளவுக்கே தயாரானது. இருபதாவது சீசனின் நடுவில்தான் 16:9 அகலத்திரைக்கு மாறினார்கள். 2019 நவம்பர் 12-இல் டிஸ்னி பிளஸ் தொடங்கியபோது, திரையை நிரப்புவதற்காகப் பழைய எபிசோடுகளை மேலும் கீழும் நறுக்கிப் போட்டார்கள். உயரத்தில் கால் பங்கு போயிற்று. ரசிகர்கள் போட்ட கூச்சலில் 2020 மே கடைசியில் முழுப் படத்தையும் சேர்த்தார்கள். ஆனாலும் நாம் மாற்றாதவரை ஓடுவது நறுக்கிய படம்தான்.

தொடரின் முகப்புப் பக்கத்தில் எபிசோட் பட்டியலுக்கு அருகில் ‘டீடெயில்ஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். அதற்குள் ‘ரீமாஸ்டர்டு ஆஸ்பெக்ட் ரேஷியோ’ என்ற சுவிட்சை அணையுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த எபிசோடை மூடிவிட்டு மறுபடி திறங்கள். இரு பக்கமும் கருப்புப் பட்டை வந்தால் சரியாகிவிட்டது. வராவிட்டால் உங்கள் டிவியே படத்தை இழுத்துக் காட்டுகிறது என்று அர்த்தம். டிவியின் படஅளவு அமைப்பு ‘ஜூம்’ அல்லது ‘வைட்’ என்று இருந்தால் மாற்றுங்கள். சோதித்துப் பார்க்க நல்ல இடம் ‘டஃப்லெஸ்’ (சீசன் 4, எபிசோட் 16). மது ஆலையைச் சுற்றிக்காட்டும் காட்சியில் டஃப், டஃப் லைட், டஃப் டிரை என்று மூன்று தொட்டிகள் இருக்கும். மூன்றுக்கும் மேலிருந்து வருவது ஒரே குழாய். அந்தக் குழாய்தான் நகைச்சுவை. நறுக்கிய படத்தில் குழாயே கிடையாது. இப்படிப் படத்தின் ஓரத்தில் வைத்த சிரிப்பு இந்தத் தொடரில் ஏராளம்.

அதோடு டிவியின் அசைவு மென்மையாக்கலையும் அணைத்துவிடுங்கள். சாம்சங்கில் ‘ஆட்டோ மோஷன் பிளஸ்’, எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’. கையால் வரைந்த இந்தப் படங்களில் பெரும்பாலும் ஒவ்வொரு ஓவியமும் இரண்டு ஃபிரேமுக்கு நிற்கும், அதாவது நொடிக்குப் பன்னிரண்டு ஓவியம். டிவி தானாக இடையில் ஒன்றைக் கற்பனை செய்து சொருகினால் கோட்டோரங்கள் குழம்பி, அசைவில் இருக்கும் சட்டென்ற வெட்டு போய்விடும். இந்த வகை நகைச்சுவைக்கு அந்த வெட்டுதான் உயிர். அடுத்த எபிசோட் தானாக ஓடும் வசதியும் வேண்டாம், கடைசி எழுத்து ஓடும்போதுகூடச் சில நேரம் ஒரு குறும்பு இருக்கும். முன்னுரையைத் தாண்டாதீர்கள், ஹோமரின் மகன் பார்ட் கரும்பலகையில் எழுதுவதும், குடும்பம் சோபாவில் வந்து விழுவதும் வாராவாரம் மாறும். சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள். கடைப் பெயர்ப் பலகை, தேவாலய அறிவிப்பு, செய்தித்தாள் தலைப்பு வரும்போது நிறுத்திப் படியுங்கள். வீட்டுக்கு வீடு விசிஆர் வந்திருந்த காலத்தில், நிறுத்திப் பார்க்கிறவர்களை நம்பியே எழுதியவை அவை.

இனி எங்கே தொடங்குவது என்பது. முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் பார்ப்பதும் தவறுதான். முதல் சீசனில் பதின்மூன்றே எபிசோடுகள். ஓவியம் கரடுமுரடு, ஹோமரின் குரல்கூட வேறு மாதிரி, கதையும் மெதுவாக நகரும். இளம்பெண்ணை அதில் உட்கார வைத்தால் அரை மணியில் போனை எடுத்துவிடுவாள். புதிய சீசன் உங்களை ஏன் தொடவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. நீங்கள் மனதில் வைத்திருக்கும் சிம்ப்சன்ஸ் மூன்றாவது சீசனிலிருந்து எட்டாவது வரை உள்ளது. தலைமை எழுத்தாளர்கள் மூன்று, நான்கில் அல் ஜீனும் மைக் ரீஸும். ஐந்து, ஆறில் டேவிட் மிர்கின். ஏழு, எட்டில் பில் ஓக்லியும் ஜோஷ் வைன்ஸ்டைனும். பிறகு ஆட்கள் மாறினார்கள். 1998-இல் ஃபில் ஹார்ட்மன் கொலையுண்டதும், அவர் குரல் கொடுத்த வக்கீல் ஹட்ஸையும் நடிகர் ட்ராய் மெக்ளூரையும் தொடரிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2002-இல் பதினான்காவது சீசனோடு கையால் வண்ணம் தீட்டுவதை விட்டுக் கணினிக்குப் போனார்கள். புதியதில் எல்லாம் வழுவழுவென்று தெரிவது உங்கள் கண்ணின் கோளாறு அல்ல.

ஆகவே முதல் மாலைக்கு ‘மார்ஜ் வெர்சஸ் த மோனோரயில்’ (சீசன் 4, எபிசோட் 12). அணுக்கழிவைக் கொட்டியதற்காக அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸ் கட்டிய 30 லட்சம் டாலர் அபராதம் ஊருக்குக் கிடைக்கிறது. குண்டும் குழியுமான தெருவைச் சரிசெய்யலாம் என்கிறாள் ஹோமரின் மனைவி மார்ஜ். ஒரு பேச்சுக்காரன் வந்து பாட்டுப் பாடி, அந்தப் பணத்தில் மோனோரயிலை விற்றுவிட்டுப் போகிறான். உள்ளூராட்சி என்ற ஒன்று இருக்கும் எந்த ஊரிலும் விளக்கம் தேவைப்படாத கதை. எழுதியவர் கோனன் ஓ’பிரையன். அடுத்து அதே சீசனின் பதினேழாவது, ‘லாஸ்ட் எக்ஸிட் டு ஸ்பிரிங்ஃபீல்ட்’. பல் மருத்துவச் சலுகையை ஒரு பீப்பாய் பீருக்கு விட்டுக்கொடுக்கப் போகும் தொழிற்சங்கத்தில், தன் மகள் லிசாவுக்குப் பல் கம்பி கட்ட வேண்டும் என்ற நினைவு ஹோமரின் மண்டைக்குள் ஏறுவதற்கு எடுக்கும் நேரத்தைக் கவனியுங்கள். ஒரே இரண்டு வாக்கியங்கள் மாறி மாறி வரும், அவ்வளவுதான். சிறுவயதில் சிரித்தது ஹோமரின் மந்தத்துக்கு. சம்பளத்தில் காப்புறுதி பிடிக்கப்படுகிறவருக்கு அது வேறு மாதிரிக் கேட்கும்.

எந்த எபிசோடையும் ஏழு நிமிடம் ஆவதற்குள் எடைபோடாதீர்கள். தொடக்கக் கதைக்கும் நடுக்கதைக்கும் சம்பந்தம் இல்லாதது போல இருப்பதே இவர்கள் எழுதும் முறை. ஒரு மாலைக்கு இரண்டு போதும், முக்கால் மணி நேரம். மூன்றாவதில் காது களைத்துவிடும். வரிக்கு வரி நகைச்சுவை அத்தனை நெருக்கம். 13 வயதுக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஹாலோவீன் சிறப்பு எபிசோடுகளில் மட்டும் ரத்தம் கூடுதல்.

நையாண்டி வேலை செய்யாமல் போகும் இடங்கள் சில இருக்கும், அங்கே குற்றம் நையாண்டி மேல் இல்லை. எதைக் கேலி செய்கிறார்கள் என்பது மகளுக்குத் தெரியாது. ‘டூ பேட் நெய்பர்ஸ்’ (சீசன் 7, எபிசோட் 13) எபிசோடில் முன்னாள் அதிபர் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்) எதிர்வீட்டுக்குக் குடிவந்து ஹோமரோடு சண்டை போடுகிறார். 1992 ஜனவரியில் அவர், அமெரிக்கக் குடும்பங்கள் சிம்ப்சன்ஸைப் போல அல்ல, வால்டன்ஸைப் போல இருக்க வேண்டும் என்று மேடையில் பேசினார் என்பதை, எபிசோடைப் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வால்டன்ஸ் என்பது 1930-களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் நடக்கும் ஒரு பாசக்காரக் குடும்பத் தொடர். மூன்றே நாளில் ஒரு மறுஒளிபரப்பின் முன்னால் பதிலை ஒட்டினார்கள்: நாங்களும் வால்டன்ஸ் போலத்தான், பொருளாதார வீழ்ச்சி முடியட்டும் என்று நாங்களும் பிரார்த்திக்கிறோம் என்கிறான் பார்ட். முன்கதை தெரிந்தால் அந்த எபிசோட் இரட்டிப்பாக இனிக்கும். சினிமாக் கேலிகளுக்கு இவ்வளவு பாடு வேண்டாம். ‘கேப் ஃபியர்’ எபிசோடில் (சீசன் 5, எபிசோட் 2) வில்லன் சைட்ஷோ பாப் ஒன்பது முறை குப்பை வாரியை மிதித்து முகத்தில் அடி வாங்குவதற்கு மூலப் படம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எபிசோட் நீளம் போதாமல் இழுத்த காட்சி அது. இழுக்க இழுக்கச் சிரிப்பு செத்து, மேலும் இழுக்கத் திரும்பப் பிழைக்கும்.

அப்பு விஷயத்துக்கு வருவோம். மகள் கேட்டது சரியான கேள்வி, அதைச் சுற்றி வளைக்க வேண்டாம். அந்தக் குரல் ஹாங்க் அசாரியா என்ற வெள்ளையின நடிகருடையது. அமெரிக்கக் காதுக்கு வேடிக்கையாக இருக்கட்டும் என்று கூட்டிச் செய்த உச்சரிப்பு. அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் தெற்காசிய முகம் அநேகமாக வேறு கிடையாது. அதனால்தான் அந்தப் பெயர் உங்கள் மேலும் வந்து ஒட்டியது. 2017-இல் நகைச்சுவைக் கலைஞர் ஹரி கொண்டபோலு இதைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். 2018 ஏப்ரலில் தொடர் அதற்குச் சொன்ன பதில், தோளைக் குலுக்கிவிட்டுப் போவது போன்றது. அதுவும் எல்லாரையும் விட நியாயம் பேசும் லிசாவின் வாயால் சொல்ல வைத்தது மோசம். 2020 ஜனவரியில் அசாரியா அந்தக் குரலைக் கொடுப்பதை நிறுத்தினார். அடுத்த ஆண்டு மன்னிப்பும் கேட்டார். இப்போது அப்பு பின்னணியில் பேசாமல் நின்றுவிட்டுப் போகிறார். இத்தனையும் மகளிடம் சொல்லலாம், அவள் வயதுக்குப் புரியும்.

சொன்ன பிறகு ‘மச் அப்பு அபவுட் நத்திங்’ (சீசன் 7, எபிசோட் 23) போடுங்கள். எங்கள் கணிப்பில் தொடரின் மிகக் கூர்மையான அரசியல் நையாண்டி இதுதான். தெருவுக்கு ஒரு கரடி வந்துவிடுகிறது. ஹோமர் கூட்டம் சேர்த்துக் கூச்சல் போட, மேயர் விமானங்களோடு கரடிக் காவல் படை அமைக்கிறார். சம்பளச் சீட்டில் அதற்காக 5 டாலர் வரி பிடித்திருப்பதைப் பார்த்ததும் அதே கூட்டம் திரும்பி வருகிறது. மேயர் ஒரு நொடி யோசித்துப் பழியைச் சட்டவிரோதக் குடியேறிகள் மேல் போட, அவர்களை வெளியேற்ற 24-ஆம் எண் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வருகிறது. கரடியில் தொடங்கிய கதை நாடுகடத்தலில் வந்து நிற்பதற்குச் சில நிமிடங்கள் போதும். 1994-இல் கலிபோர்னியாவில் ஆவணமில்லாதவர்களுக்குப் பொதுச் சேவைகளை மறுக்க நிறைவேறிய 187-ஆம் தீர்மானத்தைத்தான் கேலி செய்தார்கள்.

நடுவே இரண்டு இடங்களில் நிறுத்துங்கள். ஒன்று, கரடியே வரவில்லை பார், படை வேலை செய்கிறது என்று ஹோமர் பெருமைப்பட, தரையில் கிடந்த கல்லை எடுத்து, இது புலியை விரட்டும் என்று லிசா சொல்லும் இடம். தர்க்கப் பிழையைக் காட்டத்தான் சொல்கிறாள், ஹோமரோ கல்லை விலைக்குக் கேட்கிறார். மற்றது குடியுரிமைத் தேர்வு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் காரணத்தை அப்பு விரிவாகச் சொல்லத் தொடங்க, தேர்வாளர் அலுத்துப்போய், அடிமைமுறை என்று மட்டும் சொன்னால் போதும் என்கிறார். அந்த அறையில் அமெரிக்க வரலாறு நன்றாகத் தெரிந்தவர் குடியேறிதான். குரலின் குற்றமும் எழுத்தின் நியாயமும் ஒரே எபிசோடில் இருக்கின்றன. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்க வேண்டியதில்லை. ‘லிசா த வெஜிடேரியன்’ (சீசன் 7, எபிசோட் 5) எபிசோடில் கடை மொட்டைமாடித் தோட்டத்தில் லிசாவுக்கு நிதானம் சொல்லிக்கொடுப்பவரும் அப்புதான். பால் மெக்கார்ட்னி, லிசா என்றைக்கும் சைவமாகவே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு நடித்துக் கொடுத்த எபிசோட் அது. ‘ஹோமர் அண்ட் அப்பு’வைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதில் வரும் இந்தியா வெறும் வேடிக்கைப் பொருள்.

மகள் தூங்கிய பிறகு உங்களுக்கென்று இரண்டு. ‘ஹோமர்ஸ் எனிமி’ (சீசன் 8, எபிசோட் 23): கஷ்டப்பட்டு மேலே வந்த ஃபிராங்க் கிரைம்ஸ், ஒன்றும் செய்யாமலே வீடும் குடும்பமுமாக இருக்கும் ஹோமரைப் பார்த்துப் புத்தி பேதலித்துப் போகிறார். வெறுங்கையோடு வந்து குடியேறியவர்களுக்கு இது சற்றுக் கசக்கும். ‘அண்ட் மேகி மேக்ஸ் த்ரீ’ (சீசன் 6, எபிசோட் 13) கடைசிக் காட்சிக்குக் கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

புதியவை எல்லாமே வீண் என்று ஒதுக்க வேண்டாம். ‘ட்ரிலஜி ஆஃப் எரர்’ (சீசன் 12, எபிசோட் 18), ‘ஹாலிடேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்’ (சீசன் 23, எபிசோட் 9), ‘பார்ட்ஹுட்’ (சீசன் 27, எபிசோட் 9) மூன்றும் பழையவற்றோடு பக்கத்தில் நிற்கும். இடையில் உள்ளதை வரிசையாகக் கடக்க முயன்றால் பத்தாவது சீசனுக்குப் பிறகு அலுத்துவிடுவீர்கள்.

மைக்கேல் ஜாக்சன் எபிசோட் ‘ஸ்டார்க் ரேவிங் டாட்’, மூன்றாவது சீசனின் முதலாவது. அவர்மீதான குற்றச்சாட்டுகளைப் பேசிய ஆவணப்படம் 2019-இல் வந்ததும், தயாரிப்பாளர்களே அதை விலக்கிக்கொண்டார்கள். அதனால் டிஸ்னி பிளஸ்ஸில் அந்த சீசன் ‘மிஸ்டர் லிசா கோஸ் டு வாஷிங்டன்’ எபிசோடிலிருந்து தொடங்கும். பேச்சு மட்டும்தான் ஜாக்சனுடையது, பாடியது வேறொருவர். வேண்டுமென்றால் 2003-இல் வந்த மூன்றாவது சீசன் டிவிடி பெட்டியைப் பழைய பொருள் கடையிலோ நூலகத்திலோ தேடுங்கள். நான்கு டிஸ்க், 24 எபிசோட், விலக்கப்பட்டதும் அதில் உண்டு, ஒவ்வொன்றுக்கும் எழுத்தாளர்களின் உரையாடலும் உண்டு. கனடாவில் வாங்கும் பிளேயருக்கு ‘ரீஜன் 1’ என்று போட்ட பெட்டிதான் ஓடும், இங்கிலாந்திலிருந்து வரும் ‘ரீஜன் 2’ ஓடாது. வாங்கும்போது பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள்.