மகனின் கைப்பேசி இல்லாமல் தவணை கட்ட முடியுமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர், கொளத்தூர்வாசி. ஓய்வூதியம் 31,000 ரூபாய், வீட்டுச்செலவு 22,000. அமெரிக்காவில் மகனின் விசா நீட்டிப்பு இழுபறியில் இருக்கிறது. குடியேற்றத் துறையினர் அவனைப் பிடித்து வைத்துவிடுவார்களோ என்று மருமகள் அழுகிறாள். அவன் பெயரில் உள்ள வீட்டுக்கடனுக்கு மாதம் 48,000 ரூபாயை அவனுடைய என்ஆர்இ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கி) கணக்கிலிருந்து நானே இணையவழியில் கட்டுகிறேன். ஓடிபியை அவன் வாட்ஸ்அப்பில் அனுப்புவான். என்னிடம் 5 லட்சம் வைப்புத்தொகை இருக்கிறது. அதிலிருந்து ஆண்டுக்கு 2 லட்சத்தை யூலிப்பில் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த திட்டம்) போடச் சொல்கிறார் வங்கி அலுவலர். போடலாமா?

பதில்: ஐயா, யூலிப் பிறகு. முதலில் அந்த ஓடிபி பழக்கத்தை விடுங்கள். காவலில் வைத்தால் கைப்பேசி மகனிடம் இருக்காது. தவணை 90 நாள் நின்றால் வாராக்கடன். பிறகு 60 நாள் நோட்டீஸ். அதற்குப் பிறகு வீட்டுக்கே ஆபத்து.

கூட்டுக் கணக்காக மாற்றினால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். மகன் உயிரோடு இருக்கும்வரை அவனுடைய என்ஆர்இ கணக்கை நீங்கள் பவர் ஏஜெண்டாக, அதாவது அவன் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவராக மட்டுமே இயக்கலாம். ஆகவே பவர் பத்திரம்தான் வழி. அதில் மகன் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெறட்டும். அல்லது நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும்படி அரசு தரும் சான்று) வாங்கி அனுப்பட்டும். இங்கே வந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டி, நகலை வங்கியில் இப்போதே பதிந்துவையுங்கள். தவணைக்கும் வங்கி வேலைக்கும் மட்டும் அதிகாரம் போதும். வீட்டை விற்கும் உரிமை வேண்டவே வேண்டாம். நெருக்கடி நேரத்தில் "விற்றுவிடுங்கள்" என்று உறவினர் வந்து நிற்பார்கள். எனக்கு அதிகாரமில்லை என்று சொல்லிவிடலாம்.

பத்திரம் இருந்தும் மகனின் சம்பளம் நின்றுபோனால்? உங்கள் மீதி 9,000. துண்டு விழுவது 39,000. ஆறு மாதத்துக்கு 2.34 லட்சம். யூலிப்பில் போட்ட பணத்தை 5 ஆண்டுகளுக்கு எடுக்க முடியாது. இரண்டு பிரீமியம் கட்டினாலே உங்கள் கையில் 1 லட்சம்தான் மிஞ்சும். போடாதீர்கள். அலுவலர் எத்தனை முறை அழைத்தாலும் இதே பதில்தான்.

மருமகளிடம் பாஸ்போர்ட், விசா நகல்களும் குடியேற்ற வழக்கறிஞரின் எண்ணும் தாளில் இருக்கட்டும். பிடிபட்டால் இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் உரிமை மகனுக்கு உண்டு என்று இருவருக்கும் சொல்லுங்கள். காவலில் இருப்பவரைத் தேடும் அமெரிக்க அரசு இணையதளத்தில் பெயரும் பிறந்த நாடும் கேட்பார்கள். எழுத்து மாறினால் ஆள் கிடைக்கமாட்டார். நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் அப்பா பெயரே பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயராக இருக்கும். அதிலுள்ள எழுத்துக்கூட்டலை அப்படியே எழுதி மருமகளுக்கு இன்றே அனுப்புங்கள்.