2026 டிசம்பர் வானம்: கேட்டவையும் பதில்களும்

கே: ஜெமினிட் எரிகல் மழையை எப்போது பார்க்கலாம் அண்ணா?

டிசம்பர் 13, 14 இரண்டு இரவுமே நல்லவை. வளர்பிறை நிலா நள்ளிரவுக்கு முன்பே மறைந்துவிடும். அப்புறம் விடியும்வரை நமக்கு ராஜயோகம். எரிகற்கள் புனர்பூச நட்சத்திரத்தின் பக்கமிருந்து கிளம்புவதுபோல் தெரியும். பின்னிரவு 2 மணி சுமாருக்கு அது உச்சிக்கு வரும், அப்போதுதான் நிறைய விழும். நல்ல இருட்டில் மணிக்கு நூறு வரை போகும் என்பார்கள். சென்னை மொட்டை மாடியில் பத்து தெரிந்தாலே சந்தோஷப்படுங்கள்.

கே: போன வருஷம் அரை மணி நின்றேன், ஒன்றுகூடத் தெரியவில்லையே?

நின்றால் கழுத்துதான் வலிக்கும். பாய் விரித்துப் படுங்கள். இருட்டுக்குக் கண் பழகவே இருபது நிமிடம் ஆகும். நடுவில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் மறுபடி முதலிலிருந்து. டெலஸ்கோப் வேண்டவே வேண்டாம், அதில் வானத்தின் ஒரு துண்டுதான் தெரியும்.

கே: இதுவும் வால்நட்சத்திரம் விட்டுப்போன தூசுதானா?

பெரும்பாலான எரிகல் மழைகள் அப்படித்தான். இது வேறு. 1983-இல் கண்டுபிடித்த ஃபேத்தான் என்ற சிறுகோளின் துகள்கள் இவை. சூரியனுக்கு மிக அருகே போய்வரும் பாறை அது. துகள்கள் நொடிக்கு 35 கி.மீ. வேகத்தில்தான் நுழைகின்றன, எரிகற்களில் இது நிதானம். அதனால் கோடு கண்ணில் நன்றாகப் பதியும்.

கே: மழை மேகம் மூடிக்கொண்டால்?

வடகிழக்குப் பருவமழையோடு யார் பேசுவது? 12-ஆம் தேதியே ஒருமுறை எட்டிப் பாருங்கள். 15-க்கு மேல் சட்டென்று குறைந்துவிடும்.

கே: விடியற்காலை கோலம் போடும்போது கிழக்கே பளிச்சென்று ஒன்று நிற்கிறதே, விமானமா?

வெள்ளி அம்மா. மாதம் முழுக்க இருக்கும்.

கே: சூப்பர்மூன் உண்டா?

உண்டு. பௌர்ணமி 24-ஆம் தேதி காலை 7 மணி வாக்கில். ஆகவே 23 இரவே பாருங்கள். இந்த ஆண்டில் நிலா பூமிக்கு மிக நெருங்கி வரும் பௌர்ணமி, அதைத்தான் சூப்பர்மூன் என்கிறார்கள். பெரிதாகத் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள், வித்தியாசம் போட்டோவில்தான். நள்ளிரவில் உச்சியைத் தாண்டி வடக்கே நிற்கும். அதற்குத் தெற்கே சிவந்து தெரிவது திருவாதிரை. எனக்கு அந்த ஜோடிதான் விசேஷம்.

கே: தெற்கே தாழ்வாக ஒரு பிரகாசமான நட்சத்திரம்?

அகத்தியர். இரவு வானின் நட்சத்திரங்களில் மிகப் பிரகாசமான சிரியஸுக்கு அடுத்த ஒளி அதற்குத்தான். சென்னையில் 24 டிகிரி உயரம்வரை ஏறும். டெல்லியில் 9 டிகிரியைத் தொடுவதே பெரும்பாடு.