குழுவில் இருந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: ஆசிரியர்களுக்கான வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்கள் பலவற்றில் இருக்கிறேன். சுற்றறிக்கையும் காலை வணக்கமும்தான் வருகின்றன. வகுப்புக்கு என்ன பயன்?
– தொடக்கப்பள்ளி ஆசிரியை, தென்காசி

பதில்: பெரிய குழுக்களை மியூட் செய்துவிட்டு, உங்கள் வகுப்பையே எடுக்கும் ஏழெட்டுப் பேரோடு சின்னதாக ஒன்று தொடங்குங்கள். அதில் சந்தேகத்தைப் போடுங்கள். 52-லிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் பிள்ளையின் நோட்டுப் பக்கத்தை, பெயரை மறைத்துத்தான், படமெடுத்துப் போட்டால், கடன் வாங்கிக் கழிப்பதைக் குச்சிக் கட்டுகளை வைத்துப் புரியவைத்த இன்னொரு ஆசிரியர் தன் அனுபவத்தை எழுதுவார். 2017-இல் வந்த மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான தீக்‌ஷாவில் வீடியோ கிடைக்கிறது, சரி, அதைப் பார்த்த பிள்ளைகள் எங்கே தடுமாறினார்கள் என்பதை இந்த மாதிரிக் குழுவில்தான் பேச முடியும். அப்புறம், பிள்ளைகளின் முகம் தெரியும் படங்கள் வேண்டவே வேண்டாம்.