9000 கி.மீ. பயணம்: டயரை எங்கே மாற்றுவது?

நண்பரே, 9000 கி.மீ. பைக் பயணத்துக்கு டயரைக் கிளம்பும்முன் மாற்றுவதா, வழியில் மாற்றுவதா என்று கேட்டீர்கள். 7 மி.மீ. ஆழப் பள்ளத்தோடு வந்த பின்சக்கர டயர் 6000 கி.மீ.-ல் 4 மி.மீ. ஆகிவிட்டது என்கிறீர்கள். அதாவது 2000 கி.மீ.-க்கு 1 மி.மீ. தேய்கிறது. 2 மி.மீ.-க்குக் கீழே போனால் மழையில் பிடிப்பு குறையும், பஞ்சரும் கூடும். கணக்குப்படி இன்னும் 4000 ஓடலாம். ஆனால் மூட்டை, வெயில், நெடுஞ்சாலை வேகம் மூன்றும் சேர்ந்தால் 3000 என்றே வையுங்கள்.

கிளம்பும்முன் புதுசு போட்டாலும், இதே பாரத்தில் 7500-க்குள் தீர்ந்துவிடும். கடைசி 1500-க்கு இன்னொன்று தேட வேண்டும். அதனால் இப்போதைய டயரிலேயே கிளம்பி, 3000-ஐ ஒட்டி வரும் பெரிய நகரத்தில் மாற்றுங்கள். முன் டயரையும் அங்கேயே முடித்துவிடுங்கள், ஒரே நிறுத்தம்.

இரண்டு வாரம் முன்பே கடைக்குப் போன் செய்து டயரின் அளவு, பாரக் குறியீடு (எவ்வளவு எடை தாங்கும்), வேகக் குறியீடு (எந்த வேகம் வரை தாங்கும்) மூன்றையும் சொல்லி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். டயரின் ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். 1824 என்றால் 2024-ன் 18-வது வாரத்தில் தயாரானது.

மாட்டும்போது டயர் சுழல வேண்டிய திசையைக் காட்டும் அம்பைப் பாருங்கள், தலைகீழாக மாட்டுவது சர்வ சாதாரணம். டியூப்லெஸ் என்றால் வால்வும் புதுசு, டியூப் என்றால் டியூபும் புதுசு. சக்கரம் ஏறியதும் செயின் தளர்வைச் சரிபாருங்கள். நகரும்முன் பிரேக்கை நாலைந்து முறை அழுத்துங்கள். பிரேக் பேட் பின்வாங்கியிருந்தால் முதல் அழுத்தத்தில் பிடிக்காது. புது டயரில் முதல் 150 கி.மீ. வளைவுகளில் நிதானம்.