எஸ்தெட்டீஷியன் லைசென்ஸ்: முதலில் மாநிலம், அப்புறம் பள்ளி

வணக்கம் அம்மா. "ஹைஸ்கூல் முடித்ததும் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேருவாள் என்று இருந்தோம். இப்போது ஸ்கின் கேர் படிக்கப் போகிறேன் என்கிறாள். டல்லாஸில் இத்தனை வருஷம் கஷ்டப்பட்டது பிள்ளையை பார்லர் வேலைக்கு அனுப்பவா?" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் கடிதத்தில் பாதி பயம், பாதி கோபம். பயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். கோபத்தை நீங்களும் மகளும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் எஸ்தெட்டீஷியனுக்கு, அதாவது ஃபேஷியல், வாக்சிங் போன்ற தோல் பராமரிப்புச் செய்பவருக்கு, லைசென்ஸைக் கொடுப்பது மாநில அரசு. எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் டெக்சஸில் 750. கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் 600. ஜார்ஜியாவில் 1000. புளோரிடாவில் 220தான், அங்கே இதற்கு ஃபேஷியல் ஸ்பெஷலிஸ்ட் என்று பெயர். என்னிடம் வந்த ஒரு பெண் புளோரிடாவில் சுருக்கமாக முடித்துவிட்டு, கல்யாணமாகி ஜார்ஜியாவின் அட்லாண்டா போனாள். அங்கே போன பிறகுதான் கணக்கில் இடிக்கிறது என்று தெரிந்தது. மறுபடி வகுப்பு, மறுபடி ஃபீஸ். அதனால் மகளிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்தப் பள்ளி?" என்பதல்ல, "அடுத்த நாலைந்து வருஷம் எந்த ஊரில் இருக்கப் போகிறாய்?"

டெக்சஸ் என்றால் 17 வயது முடிந்திருக்க வேண்டும். வாரம் 30 மணி நேரம் போனால் 750 மணி நேரம் 25 வாரத்தில் முடியும். பகுதி நேரமாக 20 மணி என்றால் ஒன்பது மாதம் பிடிக்கும். இது செமஸ்டர் கணக்கு இல்லை, கடிகாரக் கணக்கு. பாடம் எவ்வளவு புரிந்திருந்தாலும் வராத நாள் வராத நாள்தான். ஒப்பந்தத் தேதிக்குள் மணி நேரம் முடியாவிட்டால், மிச்சத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று தனியாக வசூலிக்கும் பள்ளிகள் நிறைய. அந்தப் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு விஷயம்: ஆறு மாதப் படிப்பு கல்லூரிக் கதவைச் சாத்திவிடாது. அடுத்த வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் அங்கேயேதான் இருக்கும்.

பார்லர் என்று நீங்கள் சொன்னதற்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தோலின் அடுக்குகள், கிருமி பரவும் வழி, ரசாயனங்களின் அமிலத்தன்மை, எந்தக் கிருமிநாசினியில் கருவி எத்தனை நிமிடம் மூழ்கியிருக்க வேண்டும் என்பதெல்லாம் பாடம். மெழுகு போட்டு முடி நீக்கும் வாக்சிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் தோலை இறுக்கிப் பிடித்து, மறு கையால் பட்டையை முடி வளரும் திசைக்கு எதிராக, மேலே தூக்காமல் தோலை ஒட்டியே இழுக்க வேண்டும். தோலில் பட்ட ஸ்பாட்டுலா, அதாவது மெழுகு தடவும் குச்சி, மறுபடி மெழுகுப் பாத்திரத்துக்குள் போகக் கூடாது. ஒரு முறை தொட்டால் குப்பைக்கூடைதான். அதற்கும் முன்னால் வாடிக்கையாளரிடம், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்க வேண்டும். சாப்பிடுகிறவருக்கு வாக்ஸ் போட்டால் முடியோடு தோலும் உரிந்து வரக்கூடும். இந்த ஒரு கேள்வியைக் கேட்க மறக்கவே கூடாது.

நம்மைப் போன்ற மாநிறம், கறுப்பு நிறத் தோலில் சின்ன எரிச்சல்கூட மாதக்கணக்கில் கரும்படலமாக நின்றுவிடும். தோல் நிறத்தை ஆறு வகையாகப் பிரிக்கும் ஃபிட்ஸ்பேட்ரிக் அளவுகோலில் நான்கு முதல் ஆறு வரையிலான தோல் வகைகள் இவை. இந்தத் தோலில் பீல் (ரசாயனம் தடவி மேல்தோலை உரிப்பது) செய்யத் தெரிந்த கைக்கு வாடிக்கையாளர் தேடி வருவார்கள். மகள் கற்கும்போது இதில் கவனம் வைக்கட்டும்.

ஊசி போடுவது, நோயைக் கண்டுபிடித்துச் சொல்வது, மருந்து எழுதுவது எதுவும் இந்த லைசென்ஸில் வராது. ஓரம் கோணலாக இருக்கும் மச்சத்தைப் பார்த்தால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். டெக்சஸில் லேசர் முடி நீக்கத்துக்குத் தனிச் சான்றிதழ் இருக்கிறது. "மெடிக்கல் எஸ்தெட்டீஷியன்" என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்து கூடுதல் பணம் கேட்டால் உஷாராகுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது. வர்ஜீனியா, யூட்டா, வாஷிங்டன் போன்ற சில இடங்களில் மாஸ்டர் எஸ்தெட்டீஷியன் என்ற மேல்படி உண்டு, அது வேறு.

த்ரெடிங் மட்டும் போதுமே என்று உங்கள் நாத்தனார் சொன்னாராம். டெக்சஸில் அதற்கு ஒரு கதையே உண்டு. புருவத்துக்கு நூல் போடுகிறவர்களும் 750 மணி நேரம் படிக்க வேண்டும் என்று அரசு சொல்ல, அவர்கள் வழக்குப் போட்டார்கள். அதில் 320 மணி நேரம் வரை நூலுக்குச் சம்பந்தமே இல்லாத பாடம் என்று சுட்டிக்காட்டி, 2015இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனை அவர்களுக்குச் செல்லாது என்றது. நூல் போட லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் நூலை மட்டும் நம்பி வருமானத்தை எவ்வளவு தூரம் வளர்க்க முடியும்?

பணத்துக்கு வருவோம். பள்ளி மத்திய அரசின் நிதியுதவித் திட்டத்தில் இருந்தால் ஃபாஃப்சா என்ற நிதியுதவி விண்ணப்பத்தை நிரப்பலாம், தகுதி இருந்தால் திருப்பிக் கட்ட வேண்டாத பெல் கிராண்ட் உதவித்தொகை கிடைக்கும். கம்யூனிட்டி காலேஜ்களில் சிலவற்றிலும் இந்தப் படிப்பு இருக்கிறது. தனியார் பள்ளிக்கு முன் அங்கே விசாரியுங்கள். அழகுக்கலைப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் நாகாஸ் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பள்ளி என்றால் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் லைசென்ஸ் தேர்வில் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற மூன்று விகிதங்களையும் கேட்டு வாங்கலாம். தேர்ச்சி குறைந்தது 70 சதவீதம், வேலை 60, படிப்பை முடித்தவர்கள் 50 என்பது நாகாஸ் வைத்திருக்கும் வரம்பு. நான் இதைவிட நன்றாக மேலே உள்ள பள்ளியைத்தான் சொல்வேன். கேட்டால் மழுப்புகிறார்கள் என்றால் வண்டியைத் திருப்புங்கள்.

வருமானத்தைப் பற்றி இனிப்பாகச் சொல்ல மாட்டேன். முதல் வருஷம் கமிஷனும் டிப்ஸும்தான், வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். மணிக்கட்டும் இடுப்பும் வலிக்கும். திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளர்கள் சேர்ந்த பிறகுதான் வருமானம் நிலைக்கும். இதைக் கேட்டும் மகள் "பரவாயில்லை" என்றால் அவளுக்கு இதில் பிடிப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் மகள் அங்கேயே பிறந்தவள், விசா தலைவலி இல்லை. கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருந்துகொண்டு இதைப் படிக்க நினைக்கும் பெண்களும் எனக்கு எழுதுகிறார்கள்: படிப்பதற்குத் தடை இல்லை, ஆனால் ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை இல்லாமல் ஒரு டாலர்கூடச் சம்பாதிக்க முடியாது.

பள்ளிகளில் மாணவர்களே குறைந்த கட்டணத்தில் ஃபேஷியல் செய்யும் கிளினிக் இருக்கும். பணம் கட்டும் முன் மகளைக் கூட்டிக்கொண்டு வாடிக்கையாளராக ஒரு நாள் போய்ப் படுங்கள். உங்கள் முகத்தைத் தொடும் முன் அந்த மாணவி கை கழுவுகிறாளா, ஆசிரியை பக்கத்தில் நிற்கிறாரா, இல்லை அறையின் மூலையில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று கவனியுங்கள். மகளும் கவனிக்கட்டும். திரும்பி வரும்போது காரில் இருவரும் பேசிக்கொள்ளுங்கள், பிறகு எனக்கு எழுதுங்கள்.