வாசகர் கேள்வி பதில்: குண்டு விழுந்த ராத்திரிங்க

கேள்வி: ரெண்டாம் உலகப்போர் போட்டோ எல்லாத்துலயும் லண்டன் ஜனங்க தரைக்கடியில ஓடுற டியூப் ரயில் ஸ்டேஷன்லதான் வரிசையா படுத்திருக்காங்க. ஊர் மொத்தமும் அங்கதான் இருந்துச்சா?

பதில்: இல்லைங்க, அந்த போட்டோ மனசுல ஒட்டிக்கிட்டதால நமக்கு அப்படி தோணுது. 1940 நவம்பர்ல கணக்கெடுத்தப்போ நூத்துக்கு 4 பேர்தான் டியூப்ல, 9 பேர் பொது ஷெல்டர்ல (குண்டுக்கு ஒதுங்குற இடம்), 27 பேர் வீட்டு ஷெல்டர்ல. மத்தவங்கள்ல பெரும்பாலானவங்க வீட்டுக்குள்ளயே, சிலர் கட்டில்ல, சிலர் மாடிப்படிக்கு அடியில. வீட்டு ஷெல்டர்னா பெரும்பாலும் ஆண்டர்சன் ஷெல்டர். வளைஞ்ச இரும்பு தகடு 14 வரும், தோட்டத்துல 4 அடி பள்ளம் தோண்டி நாமளே மாட்டணும், மேல 15 இஞ்ச் மண்ணு போடணும், 6 பேர் நெருக்கி உக்காரலாம். வருஷத்துக்கு 250 பவுண்டுக்கு கீழ சம்பளம்னா இலவசம். குண்டுச் சிதறலுக்கு நல்லாவே தாங்குச்சு, ஆனா மழைக்காலத்துல உள்ள தண்ணி ஊறி நிக்கும், குளிர்ல குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு முழு ராத்திரியும் எப்படி இருப்பாங்க சொல்லுங்க, அதான் பாதி பேர் வர்றது வரட்டும்னு உள்ளயே படுத்துட்டாங்க. தோட்டமே இல்லாதவங்க நிலைமை இன்னும் மோசம். 1941லதான் மாரிசன் ஷெல்டர் வந்துச்சு, இரும்பு மேஜை, சுத்தி கம்பி வலை, பகல்ல அதுமேல சாப்பாடு, ராத்திரி அதுக்கடியில தூக்கம்.

கேள்வி: தீக்குண்டு விழுந்தா சாதாரண ஜனங்க என்ன பண்ண முடியும்? ஃபயர் சர்வீஸ்தானே வரணும்?

பதில்: ஜெர்மன்காரன் போட்ட தீக்குண்டு ஒண்ணு வெறும் 1 கிலோதான், மக்னீசியம். ஒரே நேரத்துல ஆயிரக்கணக்குல விழும்போது ஃபயர் சர்வீஸ் எத்தனை இடத்துக்கு ஓடும்? ஆனா விழுந்த மொத ரெண்டு மூணு நிமிஷத்துல ஒரு ஆள் பக்கத்துல இருந்தா போதும், மணலை கொட்டி அமுக்கிடலாம். இல்லைனா ஸ்டிரப் பம்ப், அதாவது பக்கெட் தண்ணிக்குள்ள விட்டு, வெளிய இருக்கிற மிதியை காலால அழுத்திப் பிடிச்சு கையால அடிக்கிற பம்ப், ஒருத்தர் அடிக்க, ஒருத்தர் குழாய் பிடிக்க, ஒருத்தர் தண்ணி தூக்க. தண்ணியை தூறலா அடிக்கணும், பக்கெட்டோட ஊத்தினா எரியிற மக்னீசியம் வெடிச்சு தெறிக்கும்.

1940 டிசம்பர் 29 ஞாயித்துக்கிழமை ராத்திரி லண்டன் நடுவுல ஆஃபீசுங்க நிறைஞ்ச சிட்டி பகுதியே பத்தி எரிஞ்சுச்சு. ஆஃபீஸ் எல்லாம் பூட்டிக் கிடந்துச்சு, கூரைமேல யாரும் இல்ல, தேம்ஸ்ல தண்ணி வத்திப்போயி ஓஸ் போட்டாலும் சேறுதான். அதுக்கு நடுவுல செயின்ட் பால்ஸ் சர்ச் தப்பிச்சதுக்கு காரணம் கூரைமேலயே காவல் கிடந்த வாலண்டியருங்க. அதுக்கப்புறம்தான் 1941 ஜனவரியில முறைபோட்டு தீக்காவல் இருக்கிறதை கட்டாயமாக்கினாங்க. ஒரு பக்கெட் மணலும் முழிச்சிருக்கிற ஒரு ஆளும் சேர்ந்தா ஒரு தெருவே பிழைக்கும்னு தெரிஞ்சுக்க அவ்ளோ எரிய வேண்டியிருந்துச்சேன்னு எனக்கு இன்னமும் ஆத்தாமையா இருக்கு.

கேள்வி: பிளாக்அவுட்னால யாருக்காவது கெடுதல் நடந்துச்சா?

பதில்: நிறையவே. பிளாக்அவுட்னா எதிரி விமானத்துக்கு ஊர் தெரியாம இருக்க ராத்திரி வெளிச்சத்தை மறைக்கிறது. 1939 செப்டம்பர் 1லேருந்து தெருவிளக்கு கிடையாது, காருக்கு மூடி போட்ட லைட்டு. பெட்ரோல் ரேஷன்ல கார் குறைஞ்சும் 1941ல பிரிட்டன் ரோட்டுல செத்தவங்க 9,169 பேர், அந்த நாட்டு வரலாத்துலயே அதுதான் உச்சம். நடைபாதை ஓரத்துலயும் மரத்துலயும் வெள்ளை பெயிண்ட் அடிச்சது இதுக்குத்தான்.

கேள்வி: குண்டே விழாம ஒரு ஷெல்டர்ல நூத்துக்கணக்குல செத்தாங்கன்னு கேள்விப்பட்டேன், நிஜமா?

பதில்: நிஜம். கிழக்கு லண்டன் பெத்னல் கிரீன், 1943 மார்ச் 3. கட்டி முடிக்காத டியூப் ஸ்டேஷனை ஷெல்டரா வெச்சிருந்தாங்க. ராத்திரி 8.17க்கு சைரன். பிரிட்டிஷ் விமானங்க பெர்லின்ல குண்டு போட்டு ரெண்டு நாள்தான் ஆச்சு, ஜெர்மன்காரன் பதிலுக்கு அடிப்பான்னு எல்லாருக்கும் பயம், அதனால சீக்கிரமே கிளம்பி வர்றாங்க. பத்து நிமிஷத்துல பக்கத்து விக்டோரியா பார்க்குல எதிரி விமானத்தை அடிக்க புதுசா வெச்சிருந்த ராக்கெட் பீரங்கி சுடுது. அந்த சத்தத்தை ஜனங்க அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல, குண்டுன்னு நினைச்சு வாசல்ல இருந்தவங்க முண்டுறாங்க. இறங்குற படி 19, ஈரம், மங்கலா ஒரே பல்பு, நடுவுல பிடிக்க கம்பி இல்ல. கீழ்ப்படிகிட்ட கைக்குழந்தையோட ஒரு அம்மா தடுக்கி விழுறாங்க, அவங்க மேல இன்னொருத்தர், மேல இருக்கிறவங்களுக்கு கீழ நடக்கிறது தெரியாம வந்துக்கிட்டே இருக்காங்க. 173 பேர் மூச்சுத்திணறி போய்ட்டாங்க, அதுல 62 பேர் குழந்தைங்க. அன்னைக்கு அங்க ஒரு குண்டும் விழலை.

வாசலை மாத்திக் கட்டணும்னு அந்த ஏரியா கவுன்சில் 1941லயே பணம் கேட்டிருந்துச்சு, மேலதிகாரிங்க மறுத்துட்டாங்க. விசாரணை அறிக்கையையும் போர் முடியப்போற வரைக்கும் வெளிய விடலை, எதிரிக்கு தெரியக்கூடாதுன்னு. பிள்ளையை பறிகொடுத்தவங்க அத்தனை மாசமும் ஊர் ஜனங்க மேலதான் தப்புன்னு பேச்சு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. சம்பவம் நடந்த கொஞ்ச நாள்லயே அந்தப் படிக்கு நடுவுல கைப்பிடி கம்பி வந்துருச்சு, படி ஓரத்துக்கு வெள்ளை பெயிண்டும் அடிச்சாச்சு.